சேரியே ஊரான லான்சைடு

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலிருந்து டெலவேர் ஆற்றைக் கடந்து தென்கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் லான்சைடு வரும். நியூ ஜெர்சி மாநிலம், கேம்டன் மாவட்டம். ஊரின் மொத்தப் பரப்பு 4 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2,955. நம் மாவட்டத்தின் நடுத்தரக் கிராம ஊராட்சி ஒன்றின் அளவுதான். பெரிய நெடுஞ்சாலைகள் ஊரைக் குறுக்கே வெட்டிச் செல்கின்றன. காரில் போகிறவருக்கு இது பிலடெல்பியாவின் நூற்றுக்கணக்கான புறநகர்களில் ஒன்று. பெயர்ப்பலகையைக்கூடக் கவனிக்காமல் கடந்துவிடலாம்.

இந்தப் பத்தியில் அந்த ஊருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். 1926 மார்ச் மாதம் லான்சைடு தனி 'பரோ' ஆனது. பரோ என்பது ஏறக்குறைய நம்முடைய பேரூராட்சி. ஒரு மேயர், ஆறு உறுப்பினர்கள் கொண்ட மன்றம், தனக்கென்று போலீஸ், தனக்கென்று பள்ளிக்கூடம், வரி விதிக்கும் அதிகாரம், நிலத்தில் எங்கே என்ன கட்டலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் எல்லாம் அதற்கு உண்டு. அந்த அதிகாரம் இங்கே போய்ச் சேர்ந்தது, அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் கையில். அமெரிக்காவின் வடபகுதியில் கறுப்பின மக்கள் தாங்களே ஆண்டுகொள்ளும்படி அமைந்த முதல் ஊராட்சி அமைப்பு என்று லான்சைடைச் சொல்வார்கள். இந்தப் பெருமைக்கு வேறு ஊர்களும் உரிமை கோரக்கூடும். அந்த வழக்குக்குள் நாம் போக வேண்டியதில்லை. தெற்கே ஃபுளோரிடாவில் ஈட்டன்வில் 1887-லேயே இப்படி ஓர் ஊராகப் பதிவானது. வடக்கே, ஒரு மாநகரத்தின் நிழலில், வெள்ளையர் ஊர்கள் சூழ்ந்து நிற்க நடுவில் இது எப்படி நடந்தது என்பதுதான் நமக்கு முக்கியம்.

கதை நிலத்தில் தொடங்குகிறது. இந்தப் பகுதியில் விடுதலை பெற்ற கறுப்பினக் குடும்பங்கள் முன்பிருந்தே சிதறி வாழ்ந்தன. 1840-ல் அடிமை முறையை எதிர்த்த பிலடெல்பியா இயக்கத்தினர் அங்கே நிலத்தை வாங்கினார்கள். ரால்ப் ஸ்மித் என்பவர் அதை மனைகளாகப் பிரித்து கறுப்பின மக்களுக்குக் குறைந்த விலையில் விற்றார். இனாம் கிடையாது, விலை கொடுத்து வாங்கிய நிலம், பத்திரத்தில் வாங்கியவர் பெயர். அந்தக் குடியிருப்புக்கு 'ஃப்ரீ ஹேவன்' என்று பெயர் வைத்தார்கள். விடுதலைப் புகலிடம் என்று பொருள். பிறகு மேரிலாந்து மாநிலத்தின் ஸ்னோ ஹில் என்ற ஊரிலிருந்து வந்தவர்கள் பெருகவே, தாங்கள் விட்டுவந்த ஊரின் பெயரையே இதற்கும் சூட்டினார்கள். மேரிலாந்து அடிமை மாநிலம். அடிமையாக வைத்திருந்த மண்ணின் பெயரை விடுதலை மண்ணுக்கு எதற்காக எடுத்து வந்தார்கள்? பண்ணையாருக்குப் பயந்து இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போன நம் தாத்தா பாட்டிகளும் புதிய இடத்தில் பழைய ஊர்ப் பெயரைச் சொல்லித்தானே தங்களை அறிமுகம் செய்துகொண்டார்கள். லான்சைடு என்ற பெயர் ரயில் வந்த காலத்தில் வந்தது.

வட மாநிலம் என்றதும் அங்கே எல்லாரும் சமமாக வாழ்ந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. வட மாநிலங்களில் அடிமை முறையை ஒழிக்க மிகவும் தாமதித்தது நியூ ஜெர்சிதான். 1804-ல் போட்ட சட்டம் அடிமைத்தனத்தைச் சிறிது சிறிதாக ஒழிக்கும் சட்டம். அதாவது இனிப் பிறக்கும் குழந்தைகள் இருபது வயதைத் தாண்டும்வரை உழைத்துக் கொடுத்துவிட்டு விடுதலையாகலாம். ஏற்கெனவே அடிமையாக இருப்பவர்கள் அப்படியே இருக்க வேண்டியதுதான். 1860 கணக்கெடுப்பில்கூட அந்த மாநிலத்தில் 18 பேர் 'ஆயுள் தொழில் பயில்வோர்' என்ற பெயரில் அடிமைகளாக இருந்தார்கள். பெயரை மாற்றிவிட்டால் கொடுமை மறைந்துவிடும் என்ற சூழ்ச்சி நமக்கும் பழக்கமானதுதான். ஓட்டுரிமையோ இன்னும் மோசம். சொத்து வைத்திருந்த விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் முதலில் அங்கே ஓட்டுப் போட்டார்கள். 1807-ல் அதைப் பறித்தார்கள். 1844 அரசியலமைப்பில் வெள்ளை ஆண்களுக்கு மட்டுமே ஓட்டு என்று எழுதியே வைத்தார்கள். 1870 மார்ச் 31 அன்று பெர்த் ஆம்பாய் என்ற ஊரில் தாமஸ் மண்டி பீட்டர்சன் ஓட்டுப் போட்ட பிறகுதான் அந்த மாநிலத்தில் கறுப்பின ஆண்களின் வாக்கு திரும்பி வந்தது.

ஆக, ஸ்னோ ஹில் மக்கள் ஒரு தலைமுறைக்காலம் வரி கட்டினார்கள், பத்திரம் வைத்திருந்தார்கள், ஓட்டு மட்டும் இல்லை. நம் கதை தலைகீழ். நமக்கு 1952 முதல் எல்லாருக்கும் ஓட்டு உண்டு, நிலம்தான் இல்லை. 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்கீர் அறிக்கை கொடுத்து, 1892-ல் அரசாணை வந்து, பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. பட்டியலினத்தவர் அல்லாத யாருக்கும் விற்க முடியாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலகமும் அறியும். அதைத் திருப்பிக் கேட்டதற்குத்தான் 1994 அக்டோபர் 10 அன்று காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். ஸ்னோ ஹில்லில் நிலம் கைமாறாமல் நின்றது. அடுத்து நடந்தவை எல்லாம் அந்த ஒன்றின்மேல் எழுந்தவை.

அந்த நிலத்தில் 1840-களில் வீடு கட்டியவர்களில் ஒருவர் பீட்டர் மாட். விவசாயி, ஊரின் ஞாயிறு பள்ளியை நடத்தியவர். மனைவி பெயர் எலிசபெத். தெற்கிலிருந்து தப்பி வந்த அடிமைகளை இருவரும் தங்கள் வீட்டில் மறைத்து வைத்து, இரவில் வண்டியில் ஏற்றி ஹேடன்ஃபீல்டு, மூர்ஸ்டவுன் ஊர்களிலிருந்த குவேக்கர் கிறித்தவர்களிடம் கொண்டு சேர்த்தார்கள் என்பது ஊரில் வாய்வழியாக வந்த வரலாறு. தப்பியோடும் அடிமைகளை ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கைமாற்றி வடக்கே அனுப்பிய இந்த ரகசிய ஏற்பாட்டை 'நிலத்தடி ரயில்பாதை' என்று அழைத்தார்கள். ரயிலும் கிடையாது, பாதையும் கிடையாது. துணிந்த மனிதர்களின் வீடுகள்தான் அதன் நிலையங்கள். 1850-ல் தப்பியோடிய அடிமைகள் சட்டம் கடுமையாக்கப்பட்டது. அடைக்கலம் கொடுப்பவருக்கு அபராதம், சிறை. வெள்ளையர் ஒருவர் உதவி செய்து பிடிபட்டால் அதோடு முடிந்தது. கறுப்பினத்தவரான மாட் போன்றவரை அடிமைபிடிப்பவர்கள் 'இவனும் தப்பி வந்தவன்தான்' என்று சொல்லி இழுத்துப் போகலாம். தன் பக்கம் சாட்சி சொல்லிக்கொள்ளக்கூட அந்தச் சட்டம் அவரை அனுமதிக்கவில்லை. அமெரிக்கப் பாடப்புத்தகங்கள் இரக்கமுள்ள வெள்ளையர்களின் கதையாகவே இதை நெடுங்காலம் சொல்லி வந்தன. பீட்டர் மாட்டின் வீடு அதை மறுத்து நிற்கிறது.

ஊரின் இன்னொரு தூண் மவுன்ட் பிஸ்கா தேவாலயம். இது ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபையைச் சேர்ந்தது. அந்தச் சபை பிறந்த கதையை நம் கிறித்தவத் தோழர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பிலடெல்பியாவில் ஒரு தேவாலயத்தில் முழங்காலிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவரை, அது உங்களுக்கான இடம் அல்ல என்று ஜெபத்தின் நடுவிலேயே எழுப்பிவிட்டார்கள். ரிச்சர்ட் ஆலன் உள்ளிட்டோர் எழுந்தார்கள், வெளியே வந்தார்கள், திரும்பிப் போகவில்லை. 1794-ல் தங்களுக்கென்று தேவாலயம் எழுப்பினார்கள். 1816-ல் தனிச் சபையாகவே ஆனார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களுக்கும் நடுவே சுவர் எழுப்பி வைத்திருக்கும் நாட்டில் இந்த வெளியேற்றத்தின் பொருளை யாரும் நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கல்லறை என்றதும் லான்சைடின் மவுன்ட் பீஸ் இடுகாட்டைச் சொல்லியாக வேண்டும். வெள்ளையரின் கல்லறைத் தோட்டங்கள் கறுப்பினத்தவர் உடலை ஏற்க மறுத்த காலத்தில், 1900-ஐ ஒட்டி, தாங்களே நிறுவனம் தொடங்கி ஏற்படுத்திக்கொண்ட இடுகாடு அது. உள்நாட்டுப் போரில் அடிமை முறையை எதிர்த்துச் சண்டையிட்ட கறுப்பினப் படைவீரர்கள் பலர் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கடற்படை வீரர் ஜான் லாசன். 1864 ஆகஸ்ட் 5 மொபைல் விரிகுடாச் சண்டையில் ஹார்ட்ஃபோர்டு கப்பலில் குண்டு வெடித்து, உடன் நின்ற ஆறு பேர் குழுவே சிதறியது. காலில் காயத்தோடு கப்பலின் பக்கச் சுவரில் மோதி விழுந்தவர், சிகிச்சைக்குக் கீழே போக மறுத்துத் தன் இடத்துக்கே திரும்பினார். நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் அவருக்குத் தரப்பட்டது. 1919-ல் இறந்த அந்த வீரருக்கு 2004-ல்தான் அங்கே நினைவுக்கல் வைத்தார்கள். பதக்கம் கொடுத்த நாட்டில், புதைக்க ஆறடி மண்ணைத் தந்தது சொந்த மக்கள் காசு போட்டு வாங்கிய இடுகாடு. 2019-ல் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் வயல் வழியே போக விடாததால் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பிணத்தை இறக்கியதை நாம் பார்த்தோம்.

இனி அந்த 1926-க்கு வருவோம். அதுவரை இந்தக் குடியிருப்பு சென்டர் டவுன்ஷிப் என்ற பெரிய ஊராட்சி ஒன்றின் உள்ளே அடங்கியிருந்தது. நம் பக்கத்துச் சொல்லில் சொன்னால், ஊர் ஊராட்சியின் ஒரு மூலையில் காலனி. நியூ ஜெர்சியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே ஒரு விசித்திரக் காய்ச்சல் அடித்தது. நாலு தெரு சேர்ந்தால் தனி பரோ ஆகிவிடுவது. 'பரோ நோய்' என்றே அதற்குக் கேலிப் பெயர் உண்டு. இன்றும் தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத அந்த மாநிலத்தில் 564 உள்ளாட்சிகள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்துக்கான வரி, சாலைக்கான வரி யாரோடு பங்கிடுவது என்பதே பெரும்பாலும் பிரிவினைக்குக் காரணம்.

சென்டர் டவுன்ஷிப்பும் இப்படித் துண்டுதுண்டாகப் போனது. 1921-ல் அதிலிருந்து டேவிஸ்டாக் என்ற பரோ பிரிந்தது. எதற்காகத் தெரியுமா? பக்கத்து ஊரில் ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் ஆடத் தடை. தடையில்லாமல் ஆடுவதற்காகப் பணக்காரர்கள் தங்கள் கோல்ஃப் மைதானத்தையே தனி ஊராக்கிக்கொண்டார்கள். 2020 கணக்கெடுப்பில் அந்த ஊரின் மக்கள்தொகை 9. ஐந்தாண்டு கழித்து சென்டர் டவுன்ஷிப்பின் மிச்சமும் கலைந்தது. பெல்மார், மவுன்ட் இஃப்ரைம், ரன்னமீட் ஆகிய ஊர்களோடு லான்சைடும் தனி பரோ ஆனது. அதே மாநிலம், அதே சட்டம், ஒரே டவுன்ஷிப். ஒருவருக்கு ஞாயிறு ஆட்டம் கிடைத்தது. இன்னொருவருக்குத் தன்னாட்சி கிடைத்தது. வெள்ளை ஊர்கள் தங்கள் வரியைத் தங்களுக்குள் வைத்துக்கொள்ளப் பிரிந்தபோது கறுப்பினக் குடியிருப்பும் தனியே நின்றது என்று இதைப் படிக்கலாம். ஒதுக்கிவிட்டது பாதி, பிடித்துக்கொண்டது பாதி. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, ஒதுக்கப்பட்ட இடத்தில் ஒரு மன்றம் கூடியதும், அதன் தலைவர் நாற்காலியில் அவர்களில் ஒருவர் உட்கார்ந்ததும்தான்.

அதே ஆண்டு ஜூலையில் பிலடெல்பியாவையும் கேம்டனையும் இணைக்கும் டெலவேர் ஆற்றுப் பாலம் திறந்தார்கள். மாநகரத்தின் பூங்காக்களிலும் நீச்சல் குளங்களிலும் விடுதிகளிலும் விரட்டப்பட்ட கறுப்பினக் குடும்பங்கள் வார இறுதியில் ஆற்றைத் தாண்டி லான்சைடுக்கு வந்தன. சுட்ட இறைச்சிக் கடைகள், இசை விடுதிகள், பூங்கா என்று ஊர் களைகட்டியது. 'நீ எந்தத் தெரு?' என்று அதட்ட ஆளில்லாத ஒரு சாயங்காலம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது, டீக்கடையில் தனிக் குவளை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஸ்னோ ஹில் பகுதியில் 1882-ல், சபை ஊழியர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர் ஜெஸ்ஸி ஃபாசெட். 'தி க்ரைசிஸ்' இதழின் இலக்கிய ஆசிரியராக 1919 முதல் 1926 வரை இருந்து, லாங்ஸ்டன் ஹியூஸ் போன்ற கறுப்பின எழுத்தாளர்களை முதன்முதலில் அச்சில் ஏற்றியவர், நாவலாசிரியர். அந்த இதழை நடத்தியவர் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ். 1946-ல், அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஐ.நா.வுக்குக் கொடுக்கும் மனுவின் நகலைக் கேட்டு அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதியது இதே டுபாய்ஸுக்குத்தான். தன் மக்களுக்கும் அதே வழியை நாடலாமா என்று அவர் அப்போது யோசித்துக்கொண்டிருந்தார்.

அம்பேத்கரின் இன்னொரு யோசனையை இன்று நாம் அதிகம் பேசுவதில்லை. 1942 நாக்பூர் மாநாட்டில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனிக் கிராமங்கள் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 1947-ல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில், அரசு தரிசு நிலங்களில் பட்டியல் சாதியினரைத் தனிக் கிராமங்களாகக் குடியமர்த்த ஆணையம் அமைக்க வேண்டும் என்று அம்பேத்கர் எழுதினார். ஊரின் நிலமும் ஊரின் கூலியும் ஊரின் கையில் இருக்கும்வரை சேரிக்காரன் நிமிர முடியாது என்பது அவர் கணக்கு. 'தனியாகப் போவது தீண்டாமையை ஒத்துக்கொள்வது ஆகாதா?' என்ற கேள்வி அப்போதும் எழுந்தது, இப்போதும் எழும். ஏற்கெனவே தனியாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்பதை அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். தனியாக இருப்பவன் கையில் நிலமும் ஆட்சியும் உண்டா இல்லையா என்பதுதான் வேறுபாடு.

நமக்கு நாற்காலி கிடைத்தது ஊருக்குள்ளேயே. சுழற்சி முறையில் தலைவர் பதவி ஒதுக்கீடு வந்தது. மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று தலைவர் முருகேசன் உள்ளிட்ட 6 பேரை வெட்டினார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை பத்தாண்டு தலைவர் தேர்தலையே நடக்கவிடவில்லை. 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்தார்கள். இவை படமாகவும் செய்தியாகவும் வெளியே வந்தவை. காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்ற விதியை வைத்து, துணைத் தலைவர் கையெழுத்தை மறுத்தே ஐந்தாண்டைக் கடத்தும் ஊர்கள் செய்தியில் வருவதில்லை. நாற்காலி நம்முடையது, நிலமும் கூலியும் கையெழுத்தும் அவர்களுடையது.

இதனால் லான்சைடு ஒரு சொர்க்கம் என்று எழுதிவிட முடியாது. நியூ ஜெர்சியில் உள்ளாட்சியும் பள்ளியும் பெரிதும் சொத்து வரியை நம்பியே ஓடுகின்றன. சின்ன ஊர், சின்ன வீடுகள் என்றால் வரி வருமானமும் அப்படித்தான். ஊரில் எட்டாம் வகுப்பு வரைதான் பள்ளி. அதற்குமேல் பிள்ளைகள் ஹேடன் ஹைட்ஸ் பள்ளிக்குப் போகிறார்கள். எல்லைக்கோடு ஆட்சியைக் கொடுத்தது, ஆனால் எல்லைக்கு வெளியே குவிந்த செல்வத்தில் பங்கு கொடுக்கவில்லை.

அதே எல்லைக்கோட்டை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி உண்டு. சற்றுத் தள்ளி வடகிழக்கே மவுன்ட் லாரல் டவுன்ஷிப். அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்கள் 1970-ஐ ஒட்டி, வருமானம் குறைந்தவர்களுக்கு 36 அடுக்கக வீடுகள் கட்ட அனுமதி கேட்டன. பெரிய மனைகளில் தனி வீடு மட்டுமே கட்டலாம் என்பது டவுன்ஷிப்பின் விதி. வசதி இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போய்க்கொள்ளலாம் என்ற பொருளில் மேயர் பதில் சொன்னார். சொன்ன இடம் அவர்களுடைய தேவாலயம். எத்தல் லாரன்ஸ் என்ற பெண்மணி வழக்கின் முகமாக நின்றார். 1975-ல் மாநில உச்ச நீதிமன்றம், ஏழைகளை வெளியே நிறுத்தும்படி மனை விதிகளை எழுதக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை டவுன்ஷிப்புகள் மதிக்காததால் 1983-ல் நீதிமன்றம் மறுபடி கண்டித்துச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஊரில் வீடுகளில் ஆள் குடியேறியது 2000-த்தில்; லாரன்ஸ் 1994-லேயே இறந்துவிட்டார். வீடுகளுக்கு அவர் பெயர்.

லான்சைடில் 1980-களின் கடைசியில் பீட்டர் மாட்டின் வீட்டுக்கே ஆபத்து வந்தது. வீடும் நிலமும் கட்டுமான நிறுவனத்தின் கைக்குப் போய், வரிசை வீடுகள் கட்டுவதற்காக இடிக்க ஏற்பாடானது. ஊர்க்காரர்கள் 1990-ல் வரலாற்றுக் கழகம் தொடங்கினார்கள். பணம் திரட்டினார்கள், ஆவணம் தேடினார்கள், பாட்டிகள் சொன்ன கதையைப் பத்திரப் பதிவோடும் கணக்கெடுப்புத் தாளோடும் ஒப்பிட்டு எழுதி வைத்தார்கள். பரோ மன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 1994-ல் வீடு தேசிய வரலாற்றுச் சின்னங்கள் பதிவேட்டில் ஏறியது. 2001-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். சுற்றிலும் புது வரிசை வீடுகள் வந்துவிட்டன. நடுவில் இரண்டு மாடி மரவீடு நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுகிறார்கள்.